பிறப்பா, ஒழுக்கமா? கேள்வி பதில்

கே: "பிறப்பால் எல்லாரும் சூத்திரரே" என்று மனு சொல்வதாக ஒரு சொற்பொழிவில் கேட்டேன். எந்த அத்தியாயம்?

ப: எந்த அத்தியாயத்திலும் இல்லை. யாரோ எங்கோ சொன்னதை மனுவின் தலையில் கட்டுகிறார்கள்.

கே: ஆனால் மனு 10.65, சூத்திரன் பிராமணன் ஆவான் என்கிறதே?

ப: 10.64 படித்தீர்களா? பிராமணனுக்கும் சூத்திரப் பெண்ணுக்கும் பிறந்த வழி ஏழாம் தலைமுறையில் மேலேறும் கணக்கு அது. அதன் தொடர்ச்சிதான் 65. அங்கே குணத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. சுலோகத்தைத் தனியே கிள்ளாதீர்கள். முன்னும் பின்னும் படியுங்கள்.

கே: கீதை 4.13, வர்ணத்தைப் பிரிப்பது குணமும் கர்மமும்தான் என்கிறது. பிறப்பு அடிபட்டுப் போகிறதல்லவா?

ப: முன்னும் பின்னும்! 18.41-ல் அந்தக் குணங்கள் 'ஸ்வபாவத்தில் தோன்றியவை' என்று வருகிறது. ஸ்வபாவம் என்பது முற்பிறவி வாசனை என்று உரைகாரர் விரித்ததும், வாசலில் துரத்திய பிறப்பு கொல்லைப்புறமாக உள்ளே வந்துவிடுகிறது.

கே: என் கோத்திரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

ப: வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள்.

கே: நான் பள்ளி ஆசிரியை. சாதி கூடாது என்பதற்குச் சத்யகாமன் கதையைச் சொல்கிறேன். சரிதானே ஐயா?

ப: நல்ல கதை அம்மா, ஆனால் வழுக்கும். சாந்தோக்ய உபநிடதம் 4.4. பையன் கோத்திரம் கேட்கிறான். "இளமையில் பல இடங்களில் பணிவிடை செய்து திரிந்தபோது உன்னைப் பெற்றேன், கோத்திரம் தெரியாது. நான் ஜபாலா, நீ சத்யகாமன், சத்யகாம ஜாபாலன் என்றே சொல்" என்கிறாள் தாய். அவனும் மாணவனாகச் சேரப் போன இடத்தில் குரு கௌதமரிடம் அப்படியே ஒப்பிக்கிறான். "பிராமணன் அல்லாதவன் இப்படிப் பேசமாட்டான், சமித்து (வேள்விக் குச்சி) கொண்டு வா" என்று சேர்த்துக்கொண்டு, மெலிந்த பசுக்கள் 400-ஐ ஒப்படைக்கிறார். ஆயிரமாகாமல் திரும்பமாட்டேன் என்று போகிறான். உண்மை பேசியதால் பிராமணனா, பிராமணன் என்பதால் உண்மை பேசினானா? சங்கரர் உரை இரண்டாவதன் பக்கம் நிற்கிறது. ஜபாலா கணவன் வீட்டில் விருந்தினரைக் கவனிப்பதிலேயே இருந்ததால் கோத்திரம் கேட்கவில்லையாம்.

கே: (சேலத்திலிருந்து) மூலத்தில் கணவன் எங்கே இருக்கிறான்?

ப: இல்லை. அதை உங்களுக்கு விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் கௌதமர் முதலில் கேட்டதே கோத்திரம்தான்.

கே: (ஆசிரியை) கேட்டார், தெரியாது என்ற பிறகும் சேர்த்துக்கொண்டாரே ஐயா!

ப: இதற்கு என்னிடம் மறுப்பில்லை. வகுப்பில் இந்த இடத்தை அழுத்திச் சொல்லுங்கள். இன்னும் வெளிப்படையாக வேண்டுமானால் மகாபாரதத்தின் வனபர்வம். சாபத்தால் மலைப்பாம்பாகக் கிடக்கும் நகுஷ மன்னன், பீமனைப் பிடித்து வைத்துக்கொண்டு, பிராமணன் யார் என்று கேட்க, வாய்மை, கொடை, பொறை உள்ளவன் என்கிறார் யுதிஷ்டிரர். சூத்திரனிடமும் அவை இருக்குமே என்று மடக்குகிறது பாம்பு. இருந்தால் அவன் சூத்திரன் அல்லன். எல்லா வர்ணமும் கலந்து கிடக்கையில் பிறப்பை யார் நிர்ணயிப்பது என்கிறார்.

கே: கீதை 4.13 பற்றி...

ப: மேலே பாருங்கள்.

கே: (சேலம்) அதே பாரதத்தில் அனுசாசன பர்வத்தில் சண்டாளப் பிறப்பினனான மதங்கன் எவ்வளவு தவம் செய்தும் இந்திரன் பிராமணத் தன்மை தரவில்லையே. அப்படியானால் யுதிஷ்டிரர் தோற்றாரா?

ப: பாம்பு பீமனை விட்டுவிட்டதே.