இனமும் நகரமும் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவில் நகரத் திட்டமிடலில் முனைவர் பட்ட ஆய்வை முடிக்கும் கட்டத்தில் இருக்கிறேன். 1930-களில் யாருக்கு வீட்டுக்கடன் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பது என் தலைப்பு. ‘இனமும் நகரங்களும்’ என்ற பிரிவில் ஓர் உதவிப் பேராசிரியர் தேவை என்று இங்கே ஒரு பல்கலைக்கழகம் அறிவித்திருக்கிறது. சமூகவியல் துறையும் ஆப்பிரிக்க அமெரிக்க ஆய்வுத் துறையும் சேர்ந்து எடுக்கும் பணி. விண்ணப்பிக்க ஆசை. ஆனால் நான் கறுப்பரும் இல்லை, வெள்ளையரும் இல்லை. ‘உனக்கு இதில் என்ன வேலை’ என்று கேட்டுவிடுவார்களோ? நண்பர் ஒருவர், ‘இதெல்லாம் 2020-க்குப் பிறகு வந்த ஃபேஷன், சீக்கிரம் காணாமல் போய்விடும்’ என்கிறார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ம.

அன்புள்ள ம.,

நண்பர் சொன்னதில் பாதி உண்மை. 2020-ல் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பர் போலீஸ் பிடியில் கொல்லப்பட்ட பிறகு இப்படிப்பட்ட பணியிடங்கள் திடுதிப்பென்று முளைத்தன. பிறகு காற்று திசை மாறியது. டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகங்களில் பன்முகத்தன்மை அலுவலகங்களை மூடவைத்த சட்டம் 2024 ஜனவரியில் அமலுக்கு வந்தது (ஆராய்ச்சிக்கும் வகுப்பறைப் பாடத்துக்கும் அதில் விலக்கு உண்டு). ஆனால் துறையே புதிது என்றால் சிரிப்புதான் வருகிறது.

1896-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ் என்ற இளைஞரை வேலைக்கு எடுத்தது. ஹார்வர்டில் முனைவர் பட்டம் வாங்கிய முதல் கறுப்பர் அவர். ஃபிலடெல்ஃபியாவின் ஏழாவது வார்டில் கறுப்பர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று ஆராய வேண்டும், சம்பளம் 900 டாலர். கல்யாணமாகி சில மாதங்களே ஆன மனைவியோடு அந்த வார்டுக்குள்ளேயே, ஒரு உணவகத்துக்கு மேலே, ஒற்றை அறையில் குடியேறினார். கேள்வித்தாளும் கையுமாக வீடு வீடாக ஏறி இறங்கினார். 1899-ல் வந்த ‘தி ஃபிலடெல்ஃபியா நீக்ரோ’ அந்த உழைப்புதான். நீங்கள் விண்ணப்பிக்க நினைக்கும் துறைக்கு அதுதான் பிள்ளையார் சுழி.

அந்தப் பல்கலைக்கழகம் அவருக்கு ஒரு அறை கொடுக்கவில்லை. மாணவர்கள் கிடையாது. வகுப்பு கிடையாது. ஊழியர் பட்டியலில் தன் பெயர்கூட விடுபட்டுப்போனது என்று அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். 2012-ல் அதே பல்கலைக்கழகம் அவருக்கு கௌரவ ஓய்வுநிலைப் பேராசிரியர் பட்டம் அளித்தது. அப்போது அவர் இறந்து 48 வருடம் ஆகியிருந்தது. இந்தக் கதைக்குக் கடைசியில் திரும்பி வருகிறேன்.

அடுத்து, ‘எனக்கு என்ன வேலை’ என்ற கேள்வி. கலா பகாய் என்ற இந்தியப் பெண்மணி 1915-ல் கணவரோடும் மூன்று பிள்ளைகளோடும் சான்ஃப்ரான்சிஸ்கோ வந்து இறங்கினார். பிறகு பெர்க்லியில் ஒரு வீடு வாங்கினார்கள். சாமான்களோடு போய் நின்றால், அக்கம்பக்கத்தார் வீட்டைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். காசு கொடுத்து வாங்கிய வீடு. திரும்பிப் போனார்கள். 1923-ல் பகத் சிங் திண்ட் என்ற இந்தியரின் வழக்கில், இந்தியர் வெள்ளையர் அல்ல, குடியுரிமைக்குத் தகுதி இல்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. கலாவின் கணவர் ஏற்கெனவே பெற்றிருந்த குடியுரிமையும் பறிபோனது. 1928-ல் அவர் தற்கொலை செய்துகொண்டார். இன்று பெர்க்லியில் ஒரு தெருவுக்குக் கலா பகாயின் பெயர்.

இதைச் சொல்வது, ‘நாங்களும் அடிபட்டவர்கள்’ என்று விண்ணப்பத்தில் எழுதுவதற்காக அல்ல. தயவுசெய்து அப்படி எழுதிவிடாதீர்கள். கறுப்பர்கள் பட்டதன் அளவே வேறு. ‘ரேஸ்’ என்பதை நாம் ‘இனம்’ என்று மொழிபெயர்த்துவிடுகிறோம். நமக்குத் தமிழரும் இனம், மாடும் இனம். அதனாலேயே அது ரத்தத்தோடு வருகிற ஏதோ ஒன்று போலத் தோன்றுகிறது. அமெரிக்க நகரங்களில் அது பெருமளவு காகிதத்தில் செய்யப்பட்ட பொருள். அந்தக் காகிதத்தைப் படிக்கத் தெரிந்த ஆள்தான் அவர்களுக்கு வேண்டும்.

உங்களுக்குத் தெரியாததில்லை, மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். 1930-களில் வீட்டுக்கடன் தொடர்பான ஓர் அரசு நிறுவனம் இருநூற்றுக்கும் மேற்பட்ட நகரங்களைப் பகுதி பகுதியாக மதிப்பிட்டு வரைபடம் போட்டது. நல்ல பகுதிக்குப் பச்சை, அப்புறம் நீலம், மஞ்சள், ஆபத்தான பகுதிக்குச் சிவப்பு. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு படிவம் உண்டு. குடியிருப்போர் என்ற தலைப்பின் கீழ் வருமானம், வெளிநாட்டில் பிறந்தோர் சதவீதம், ‘நீக்ரோ: ஆம் / இல்லை’. அதற்கு அடுத்த கட்டத்தில் ‘ஊடுருவல்’ என்று அச்சடித்திருக்கிறது. யாருடைய ஊடுருவல் என்று நிரப்ப வேண்டும். ஒரு குடும்பம் வாடகைக்கு வீடு பிடித்துக் குடிவருவதற்குப் பெயர் ஊடுருவல்.

இந்த வரைபடத்தைக் காட்டி ‘எல்லாவற்றுக்கும் இதுதான் காரணம்’ என்று முடிப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. நேர்முகத் தேர்வில் நீங்கள் ஆற்றும் உரையில் அதைச் செய்யாதீர்கள், அறையில் ஒருவராவது பிடித்துக்கொள்வார். அந்த நிறுவனம் சிவப்புப் பகுதிகளிலும் கடன் கொடுத்திருக்கிறது. கூடுதல் கேடு செய்தது, கடனுக்கு அரசு உத்தரவாதம் தந்த கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம். டெட்ராய்ட்டில் ‘எய்ட் மைல்’ சாலைக்கு அருகே அதற்குச் சாட்சி நிற்கிறது. 1941-ல் ஒரு கட்டுமானக்காரர் வெள்ளையர்களுக்கு வீடு கட்டப் போனார். பக்கத்தில் கறுப்பர் குடியிருப்பு இருப்பதால் உத்தரவாதம் கிடையாது என்றார்கள். அவர் இரண்டுக்கும் நடுவே ஆறடி உயரம், அரை மைல் நீளத்துக்குச் சுவர் எழுப்பினார். உத்தரவாதம் கிடைத்துவிட்டது. ஏறிக் குதித்தால் தாண்டிவிடலாம், அவ்வளவுதான் சுவர். கடன் கோப்புக்கு அது போதுமானதாக இருந்தது.

சரி, வேலைக்கு வருவோம். துறை இருக்குமா என்பதை விட, அந்த நாற்காலி எங்கே போடப்படுகிறது என்பதுதான் என் கவலை. இரண்டு துறைகள் சேர்ந்து எடுக்கும் பணி என்றால் இரண்டு வீட்டு மருமகள் கதை. இரண்டு துறைக் கூட்டங்களுக்கும் போக வேண்டும், இரண்டு பக்கத்துக் குழுக்களிலும் பெயர் இருக்கும். ஐந்தாறு வருடம் கழித்து டென்யூர், அதாவது பணி நிரந்தரம், என்று வரும்போது, ‘இவர் அவர்கள் ஆள்’ என்று இருவருமே சொல்லலாம். வாய்ப்பு வந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேளுங்கள்: வாக்களிக்கப் போவது எந்தத் துறை? எந்தத் துறையின் அளவுகோல்? வருடத்துக்கு எத்தனை வகுப்பு, எந்தக் கணக்கில்? பதில் வாய்வார்த்தையாக வந்தால் போதாது, டீன் அனுப்பும் கடிதத்தில் வர வேண்டும். டுபாய்ஸுக்கு ஆராய்ச்சி கொடுத்தார்கள், அறை கொடுக்கவில்லை. உங்கள் அறை எந்தக் கட்டடத்தில் என்றும் கேட்டுவிடுங்கள், தப்பில்லை.

விண்ணப்பியுங்கள். உரைக்குக் கூப்பிட்டால், முதல் படமாக அந்தப் படிவத்தைப் போட்டு, ஒன்றும் சொல்லாமல் ஒரு நிமிடம் விடுங்கள். அவர்களே படித்துக்கொள்ளட்டும்.

அன்புடன்.