நுண்குழலில் தனியலை ஓடுகிறதா?

வணக்கம். செல்லுக்குள் இருக்கும் மெல்லிய புரதக் குழாய்களான நுண்குழல்களுக்கான (microtubules) நேரிலாச் சமன்பாடுகளைப் பற்றிய கட்டுரைகளைப் படித்துவருகிறேன். ஒவ்வொன்றிலும் பக்கம் பக்கமாகப் ‘புதிய’ தனியலைத் தீர்வுகள், அதாவது வடிவம் குலையாமல் ஓடும் அலைகள். அத்தனை அலைகளும் செல்லுக்குள் உண்மையிலேயே ஓடுகின்றனவா?
– முதுகலை இயற்பியல் மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

சமன்பாட்டுக்குத் தீர்வு கிடைப்பது வேறு, அது செல்லுக்குள் நடப்பது வேறு. பல கட்டுரைகள் இந்த இடைவெளியைப் பேசாமலே தாண்டிப்போவதில் எனக்கும் வருத்தம் உண்டு.

1834இல் ஸ்காட்லாந்தின் யூனியன் கால்வாயில் ஒரு படகு சட்டென்று நின்றது. அதன் முன்னால் எழுந்த நீர்மேடு வடிவம் குலையாமல் ஓட, பொறியாளர் ஜான் ஸ்காட் ரஸ்ஸல் குதிரையில் அதைத் தொடர்ந்து போனார். கணிதவியலாளர்கள் கோர்ட்டவேக்கும் டி விரீஸும் அதற்கான சமன்பாட்டை வெளியிட்டது 1895இல். அங்கே அலை முந்திக்கொண்டது. நுண்குழலில் சமன்பாடு கைக்கு வந்துவிட்டது, அலைதான் இன்னும் கண்ணில் படவில்லை.

சமன்பாட்டை எழுதியவர்கள் வெறும் கையால் முழம் போடவில்லை. நுண்குழலின் விட்டம் சுமார் 25 நானோமீட்டர். சுவரில் பெரும்பாலும் 13 இழைகள். ஒவ்வொரு இழையும் 8 நானோமீட்டர் நீளமுள்ள டியூபுலின் என்ற புரதத்தின் இரட்டைகளின் வரிசை. ஒவ்வொரு இரட்டைக்கும் மின் இருமுனைத் தன்மை உண்டு, அதாவது ஒரு முனை நேர்மின், மறு முனை எதிர்மின். சதாரிச், துஷின்ஸ்கி, ஜாகுலா மூவரும் 1993இல் முன்வைத்த மாதிரியில் இந்த இரட்டை இரண்டு நிலைகளில் ஏதோ ஒன்றில் அமரலாம். ஒரு நிலையில் இருக்கும் பகுதிக்கும் மறு நிலையில் இருக்கும் பகுதிக்கும் நடுவே நகரும் எல்லைதான் ‘கிங்க்’ அலை. குழலின் மின்புலம் அதைத் தள்ளுகிறது, சுற்றியுள்ள திரவத்தின் பாகுத்தன்மை இழுத்துப் பிடிக்கிறது. வேகம் இவ்விரண்டால் முடிவாகிறது. செல்லின் ஆற்றல் மூலக்கூறுகளில் ஒன்றான ஜிடிபி (GTP) நீராற்பகுக்கப்படும்போது வெளிவரும் ஆற்றலை இந்த அலை சுமந்துசெல்லலாம் என்பது அவர்கள் கருதுகோள். எனக்கு மிகவும் பிடித்த யோசனை அது.

பிறகு வந்த தீர்வுக் குவியல்தான் சிக்கல். இடத்தையும் காலத்தையும் ஒரே மாறியாக்கி, விடையை அதிபரவளைய டேன்ஜென்ட்டின் (tanh) பல்லுறுப்புக்கோவையாக எடுத்துக்கொண்டால், மிச்சம் குணகக் கணக்கு. அதே விடையை அடுக்குக்குறிச் சார்பின் பின்னமாக எழுதி, முறைக்கு வேறு பெயர் வைத்தால் ‘புதிய தீர்வு’. வரைந்து பாருங்கள், ஒரே வளைகோடு. அதிபரவளைய கோட்டேன்ஜென்ட் (coth) வடிவமோ ஒரு புள்ளியில் முடிவிலிக்குப் போகிறது. எந்த டியூபுலினும் முடிவிலித் தொலைவு விலகாது. இத்தகைய பிழைகளைக் கணிதவியலாளர் குத்ரியாஷோவ் 2009இலேயே வரிசைப்படுத்திக் காட்டிவிட்டார்.

நீங்கள் இன்னொரு தீர்வு தேட வேண்டாம். இருக்கும் கிங்க் ஒன்றை எடுத்து, தனித்தனி இரட்டைகளாலான சங்கிலியில் கணினியில் ஓடவிடுங்கள். தொடர்ச்சியான ஊடகம் என்ற அனுமானம், கிங்கின் அகலம் 8 நானோமீட்டரைவிடப் பல மடங்கு இருந்தால்தான் செல்லும். உடல் வெப்பநிலையான 310 கெல்வினில் எழும் வெப்ப அலைக்கழிப்பையும் சேர்த்து, எத்தனை இரட்டைகளைத் தாண்டியும் வடிவம் நிற்கிறது என்று பாருங்கள். முடிவு வந்ததும் எழுதுங்கள்.