கொல்லைக்கு வரும் சின்னானைப் படமெடுக்க

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு முடித்த என் மகள், மாமா கொடுத்த டிஎஸ்எல்ஆர் கேமராவோடு (70-300 மி.மீ. லென்ஸ்) விடுமுறை முழுக்கக் கொல்லையிலேயே இருக்கிறாள். கொய்யா, முருங்கை, செம்பருத்தி இருப்பதால் சின்னான் (புல்புல்), தேன்சிட்டு, தவிட்டுக்குருவி எல்லாம் வருகின்றன. ஆனால் கிட்டே போனால் பறந்துவிடுகின்றன. எடுத்த படங்களிலும் பறவை கருப்பாக, கலங்கலாகத் தெரிகிறது. என்ன செய்வது? – வாசகி, தஞ்சாவூர்

பதில்: கிட்டே போவதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். மே மாத வெயிலில் பறவைக்குத் தேவை தண்ணீர். அதை வைத்தால் அதுவே வரும்.

அகலமான மண் தட்டில் இரண்டு அங்குலத்துக்கு மேல் தண்ணீர் வேண்டாம். நடுவில் ஒரு கல் போடுங்கள். குருவி அதில் நின்றுதான் குளிக்கும். தினமும் கொட்டித் தேய்த்துக் கழுவாவிட்டால் பாசி பிடிக்கும், கொசு முட்டையிடும். தட்டைக் கொய்யா மரத்திலிருந்து இரண்டு மூன்று மீட்டர் கிழக்கே, முட்டியளவு உயரத்தில் வையுங்கள். காலை வெயில் நேராக விழும், பிற்பகலில் நிழல் கிடைக்கும். புதருக்கு ஒட்டி வைத்தால் பூனை பதுங்கும். தட்டுக்கு ஓரடி தள்ளி, விரல் கனத்தில் ஒரு காய்ந்த கொம்பை ஊன்றுங்கள். தண்ணீருக்கு இறங்குமுன் சின்னான் பெரும்பாலும் அதில்தான் உட்காரும். தட்டைவிடக் கொம்பில் எடுக்கும் படமே அழகு.

மகள் தட்டுக்குக் கிழக்கே நான்கு மீட்டரில், சூரியன் முதுகுப்பக்கம் இருக்க, ஸ்டூலில் உட்காரட்டும். முன்னால் கொடியில் ஒரு பழைய புடவையைத் தொங்கவிட்டு, இடுக்கு வழியாக லென்ஸை மட்டும் நீட்டினால் போதும். அந்தத் தூரத்தில் 300 மி.மீ. லென்ஸ் ஏறத்தாழ ஓரடி அகலத்தைக் காட்டும். சின்னான் 20 செ.மீ. நீளம், சரியாகப் பொருந்தும். முதல் இரண்டு மூன்று நாள் கேமராவே வேண்டாம், புடவை மட்டும் தொங்கட்டும். பறவைகளுக்குப் பழகட்டும்.

கலங்கலுக்குக் காரணம் பெரும்பாலும் ஷட்டர் வேகம் (கேமரா ஒளியை உள்ளே விடும் நேரம்) மெதுவாக இருப்பதுதான். உட்கார்ந்திருக்கும் பறவைக்கு 1/500 நொடி, குளிக்கும் பறவைக்கு 1/1000, தேன்சிட்டுக்கு 1/2000. ஐஎஸ்ஓவை (கேமரா ஒளியை உணரும் திறன்) ஆட்டோவில் விடுங்கள். 1600 வரை போனாலும் பரவாயில்லை, புள்ளி புள்ளியாக வரும் படத்தைச் சரிசெய்யலாம், ஆடிப்போன படத்தை முடியாது. 5.6 அப்பர்ச்சரில் (லென்ஸ் திறப்பின் அளவு) அந்தத் தூரத்தில் தெளிவாக விழுவது நான்கு செ.மீ. ஆழம் மட்டுமே. ஆகவே நடு ஃபோகஸ் புள்ளியைப் பறவையின் கண்ணில் வைக்க வேண்டும். சிமென்ட் தரைக்கு மேலாக மதியம் எடுத்தால், எழும் அனலே படத்தைக் கலக்கிவிடும். காலை 6 முதல் 8 வரைதான் நல்ல நேரம்.

கருப்பாவது ஏன்? பின்னால் பளீரென்ற வானம் இருந்தால் கேமரா அந்த வெளிச்சத்துக்குப் படத்தை இருட்டாக்குகிறது. கேமராவைப் பறவையின் கண்மட்டத்தில் வைத்து, பின்னணியில் இலை வரும்படி எடுங்கள். வானம் தவிர்க்க முடியாவிட்டால் எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) +1 கூட்டுங்கள். ஆண் ஊதாத் தேன்சிட்டின் நீல மினுமினுப்பு சாயம் அல்ல, இறகின் நுண்ணமைப்பில் ஒளி பட்டுத் தெறிப்பது. சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இல்லாவிட்டால் அது வெறும் கருங்குருவிதான்.

கூடு கண்ணில் பட்டால் மட்டும் படமெடுக்க வேண்டாம். தெளிவாக வரட்டும் என்று ஓர் இலையை விலக்கினாலும் காகத்துக்கு வழி திறந்துவிடும். செம்பருத்தியில் தேன்சிட்டு கூடு கட்டியிருந்தால், குஞ்சு பறக்கும்வரை அந்தப் பக்கம் புடவையையும் கட்டாதீர்கள்.