22 கேள்விகள், 19 பதில்கள்: நன்கொடையாளர் கருத்தாய்வு எங்கே வழுக்கியது?

கேள்வி: பினாங்கு ஜெலுத்தோங்கில் வசதி குறைந்த பிள்ளைகளுக்கு இலவச டியூஷன் நடத்துகிறோம். 280 நன்கொடையாளர்களில் 120 பேர் ஓராண்டாக எதுவும் கொடுக்கவில்லை. காரணம் அறிய 22 கேள்விகள் கொண்ட கூகுள் பாரம் ஒன்றை வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியலில் எல்லாருக்கும் அனுப்பினோம். 19 பேர்தான் பதில் போட்டார்கள். எல்லாருமே 'மிக நன்று'. எங்கே தவறினோம்?
(சங்கப் பொருளாளர்)

பதில்: அந்த 19 பேரும் உங்கள்மேல் பிரியம் உள்ளவர்களாகத்தான் இருப்பார்கள். போனவர்கள் ஏன் போனார்கள் என்பதை, போகாதவர்களிடம் கேட்டிருக்கிறீர்கள்.

அதற்கும் முன்னால், பாரம் எத்தனை பேர் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்று பாருங்கள். பிராட்காஸ்ட் செய்தி, உங்கள் எண்ணைத் தங்கள் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போகும். 50 வெள்ளியை (ரிங்கிட்) டூயிட்நவ் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து போட்டுவிட்டுப் போனவர் பொருளாளரின் எண்ணைச் சேமித்திருப்பாரா? பாரத்தில் 'ஒருவருக்கு ஒரு பதில்' என்ற அமைப்பையும் போட்டிருந்தால், அது கூகுள் கணக்கில் உள்நுழையச் சொல்லும். கடவுச்சொல் மறந்த ஐயா அங்கேயே நின்றுவிடுவார். அதை எடுத்துவிடுங்கள்.

அடுத்து ரசீதுப் புத்தகத்தையும் வங்கி அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒரு வருடம் கணவர் பெயரிலும் மறு வருடம் மனைவி பெயரிலும் வந்த பணம், ஒருவர் விலகி ஒருவர் புதிதாகச் சேர்ந்ததுபோலத் தெரியும். மாதாமாதம் கார்டிலிருந்து தானாகக் கழியும்படி கொடுத்தவரின் கார்டு காலாவதியாகி, அவருக்கே தெரியாமல் நின்றிருக்கும். இவர்களுக்குக் கருத்தாய்வு வேண்டாம், ஒரு அழைப்பு போதும். மிச்சமிருப்பவர்களை மூன்றாகப் பிரியுங்கள்: கடந்த 12 மாதத்தில் கொடுத்தவர்கள், பலமுறை கொடுத்து நிறுத்தியவர்கள், ஒரே முறை கொடுத்தவர்கள். மூவருக்கும் ஒரே பாரம் பொருந்தாது.

நிறுத்திய இரு பிரிவினரிடமும் பாரம் வேலை செய்யாது, பேச வேண்டும். பெயர்ப் பட்டியலில் நான்காவது நான்காவதாக எடுத்தால் 120 பேரில் 30 பேர் கிடைப்பார்கள். தெரிந்த முகங்களாகப் பொறுக்கினால் மறுபடி 'மிக நன்று'தான் வரும். தலைவரோ நீங்களோ அழைக்க வேண்டாம். உங்களிடம் யாரும் முகத்துக்கு நேரே குறை சொல்ல மாட்டார்கள். செயற்குழுவில் இல்லாத ஒரு தொண்டர் இப்படிப் பேசலாம்:

"வணக்கம் ஐயா, டியூஷன் மையத்திலிருந்து பேசுகிறேன். நன்கொடை கேட்க அழைக்கவில்லை. முன்பு எங்களுக்கு உதவியிருக்கிறீர்கள். எங்கள் பக்கம் ஏதாவது விட்டுப்போயிருந்தால் தெரிந்துகொள்ளலாம் என்றுதான். இரண்டு நிமிடம் இருக்குமா?"

'கேட்க அழைக்கவில்லை' என்று சொன்னால் அந்த அழைப்பில் கேட்கவே கூடாது. கருத்தாய்வு என்று தொடங்கி வசூலில் முடிப்பதை ஆய்வுத் துறையின் நெறிமுறைகளே தடுக்கின்றன. நெறிமுறை இல்லாவிட்டாலும், அடுத்த முறை அவர் போனை எடுக்க மாட்டார்.

இனி கேள்விகள். 'எங்கள் சேவையில் திருப்தியா?' என்பது உங்கள் பாரத்தில் இருந்திருக்கும் என்று ஊகிக்கிறோம். சேவையைப் பெறுவது பிள்ளைகள், நன்கொடையாளர் அல்ல. அவர் கண்ணால் கண்டது உங்கள் ரசீதும் செய்தியும் மட்டும்தான். ஆகவே நடந்ததைக் கேளுங்கள்: 'கடைசியாகக் கொடுத்தபோது ரசீது எப்போது வந்தது?' ஒரு வாரத்தில், ஒரு மாதத்துக்குள், அதற்கும் பிறகு, வரவே இல்லை, நினைவில்லை. 'நினைவில்லை' கட்டாயம் இருக்க வேண்டும், இல்லையென்றால் குத்துமதிப்பாக ஒன்றைத் தட்டுவார்கள். 'செய்திமடலும் ஆண்டு விருந்தும் பிடித்திருந்ததா?' என்று இரண்டை ஒன்றில் கட்டாதீர்கள். 'அடுத்த ஆண்டு கொடுப்பீர்களா?' என்பதும் வீண்; மரியாதைக்கு எல்லாரும் ஆம் என்பார்கள்.

செய்ய முடியாததைக் கேள்வியாகவே வைக்கக் கூடாது. 1967 வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின் கீழ் நன்கொடைக்கு வரிக் கழிவு தரும் அங்கீகாரம் உங்களுக்கு இல்லையென்றால், 'வரிக் கழிவு ரசீது வேண்டுமா?' என்று கேட்டு ஆசை காட்டாதீர்கள்.

இப்போதும் கொடுப்பவர்களுக்குப் பாரமே போதும். ஆறு கேள்வி, மூன்று நிமிடம், கடைசியில் ஒரு திறந்த பெட்டி. குழுவில் போடாமல், பெயர் சொல்லி ஒவ்வொருவருக்கும் தனியாக அனுப்புங்கள். தமிழோடு மலாயும் ஆங்கிலமும் இருக்கட்டும். தமிழ் பேசுகிற பலருக்கு, குறிப்பாக இளையவர்களுக்கு, தமிழில் படிப்பது சிரமம். அடையாள அட்டை எண் கேட்க வேண்டாம், ரசீதுக்குத் தேவைப்பட்டால் அது தனி வேலை. பதிலை யார் பார்ப்பார்கள் என்று மேலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள். தைப்பூசம், தீபாவளி வாரங்களைத் தவிருங்கள். அனுப்புவதற்கு முன் வெளியாள் ஐந்து பேரைக் கைப்பேசியில் நிரப்பச் சொல்லி, எங்கே தயங்குகிறார்கள் என்று பக்கத்தில் இருந்து பாருங்கள்.

30 அழைப்பில் 20 பேர் பேசினால் நல்ல அறுவடை. அதில் 9 பேர் ரசீது பற்றிக் குறை சொன்னால் '45 விழுக்காடு' என்று ஆண்டுக் கூட்டத்தில் அறிக்கை படிக்காதீர்கள். 20 பேரில் 9 பேர் என்றே சொல்லுங்கள். விழுக்காடு போடும் அளவுக்கு அது பெரிய எண் அல்ல, ஆனால் ரசீதைச் சரிசெய்ய அது போதும்.

ஒரு மாதத்துக்குள், பதில் சொல்லாதவர்கள் உட்பட எல்லாருக்கும் நான்கு வரி அனுப்புங்கள்: என்ன சொன்னீர்கள், எதை மாற்றுகிறோம், எதை இப்போது மாற்ற இயலாது. 'இனி ரசீது ஏழு நாளில்' என்று எழுதத் தோன்றும். ரசீது எழுதுவது நீங்கள் ஒருவர்தான் என்றால், 14 நாள் என்று எழுதுங்கள்.