பல்லுக்குக் கம்பி: அழகுக்கா, ஆரோக்கியத்துக்கா?

வாசகர் கேள்விகளுக்குப் பல் வைத்தியரின் பதில்கள்

கேள்வி: எனது மகளுக்கு 11 வயது. மேல்வாய் முன்பற்கள் மிதந்து நிற்பதால் உதடுகள் முழுமையாக மூடுவதில்லை. பாடசாலைப் பற்சிகிச்சையாளர், பற்சீரமைப்பு நிபுணரிடம் காட்டும்படி துண்டு எழுதிக் கொடுத்தார். "அது அழகுக்குச் செய்யிற வேலை, பிள்ளை பெரியபிள்ளையான பிறகு பார்ப்பம்" என்று மாமியார் தடுக்கிறார். இது உண்மையிலேயே அழகுக்கு மட்டுமா?
– ஒரு தாய், உப்புவெளி

பதில்: மாமியார் குறிப்பிடும் அந்தக் காலத்தை வைத்தே தொடங்குகிறேன். பெண் பிள்ளைகள் மிக வேகமாக உயரம் வைக்கும் காலம், பெரும்பாலும் அவர்கள் பெரியபிள்ளையாவதற்குச் சற்று முன்னரே வந்து போய்விடும். கீழ்த்தாடை எலும்பின் வளர்ச்சியும் ஏறக்குறைய அந்த வேகத்தையே பின்பற்றுகிறது. கீழ்த்தாடை பின்தங்கியிருப்பதால் மேற்பற்கள் மிதந்து தெரிகின்ற பிள்ளைக்கு, கழற்றி மாட்டக்கூடிய ஒரு கருவியைக் கொடுத்து, கீழ்த்தாடையை முன்னுக்குக் கொண்டுவந்து கடிக்கப் பழக்குகிறோம். வளர்ச்சியோடு சேர்ந்து நடக்கும்போதே இச்சிகிச்சை நல்ல பலன் தரும். ஆகவே அவர் சொல்லும் அந்தக் காலம்வரை காத்திருந்தால், காத்திருக்கக் கூடாத ஒன்றைத் தவறவிட நேரலாம். அவரிடம் இதைப் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.

அடுத்தது அளவு. மகளை ஒரு கதிரையில் நேராக அமர்த்தி, கடைவாய்ப்பற்களைச் சேர்த்துக் கடிக்கச் சொல்லிவிட்டுப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். மேல் முன்பல்லின் விளிம்பிலிருந்து கீழ் முன்பல்லின் முகப்பு வரையுள்ள கிடைத்தூரம் 2 முதல் 3 மில்லிமீற்றர் வரை இருப்பது இயல்பானது. பாடசாலை அடிமட்டத்தால் அளக்கலாம். ஆனால் அடிமட்டத்தின் பூச்சியம் விளிம்பிலிருந்து சற்று உள்ளேதான் தொடங்கும் என்பதை மறந்துவிடாதீர்கள். இந்த இடைவெளி கூடக் கூட, பிள்ளை சைக்கிளிலிருந்தோ ஊஞ்சலிலிருந்தோ முகங்குப்புற விழும்போது முன்பல் உடையும் ஆபத்தும் கூடுகிறது. இயல்பான வாயில் உதடு ஒரு மெத்தைபோல அடியைத் தாங்கும். உங்கள் மகளுக்கு அந்த மெத்தை பல்லின் பின்னால் மடிந்து கிடக்கிறது. உடைந்த நிரந்தரப் பல் திரும்ப வளராது.

உதடு மூடாமல் இருப்பதால் முன்பற்களும் முரசும் எந்நேரமும் காற்றில் உலர்கின்றன. உமிழ்நீரின் காப்பு அங்கே குறைவதால் மேல் முன்முரசு சிவந்து தடித்துவிடுவதுண்டு. கடி ஆழமாக இருந்தால் கீழ்ப்பற்கள் மேலண்ணத்தில் குத்திப் புண்ணாக்குவதையும் கண்டிருக்கிறேன். இவை எதுவும் அழகு சம்பந்தப்பட்டவை அல்ல.

முகத்தைப் பற்றியும் நேர்மையாகச் சொல்லவேண்டும். முன்பற்கள் உள்ளே வந்ததும் கீழுதடு அவற்றின் அடியில் மாட்டிக்கொள்வது நின்று, வாய் சிரமமின்றி மூடத் தொடங்கும். நாடியில் விழுந்த சுருக்கமும் தளரும். பக்கத் தோற்றத்தில் இது தெளிவாகவே தெரியும். ஆனால் அந்த மாற்றத்தின் பெரும்பகுதி பற்கள் நகர்வதால் வருவது; தாடை எலும்பு கூடுதலாக வளரும் அளவு சிறிதுதான். மூக்கும் கன்ன எலும்பும் மாறப்போவதில்லை. சக மாணவர்களின் கேலியைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. எனினும் கேலிக்கு ஆளாகிச் சிரிப்பதையே விட்டுவிட்ட ஒரு பிள்ளைக்கு அதுவும் சிகிச்சைக்குப் போதுமான காரணம் என்றே நான் கருதுகிறேன்.

கேள்வி: எனக்கு 24 வயது. கீழ் முன்பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருங்கியிருக்கின்றன. பல் துலக்கும்போது இரத்தம் வருகிறது. கம்பி போட்டால் முரசு நோயும் சூத்தையும் வராது என்று நண்பர் கூறுகிறார். இந்த வயதில் பல் நகருமா?
– வாசகர், கிண்ணியா

பதில்: நகரும். பல் எலும்பில் ஆணிபோல அறையப்பட்டதன்று. வேருக்கும் எலும்புக்கும் நடுவே கால் மில்லிமீற்றர் அளவு தடிப்புள்ள ஒரு நார்ச்சவ்வு இருக்கிறது. கம்பி பல்லை மெதுவாக ஒரு பக்கம் தள்ளும்போது, அழுத்தம் விழும் பக்கத்தில் எலும்பைக் கரைக்கும் கலங்களும், இழுபடும் பக்கத்தில் புதிய எலும்பைப் படியவைக்கும் கலங்களும் வேலை தொடங்குகின்றன. இந்த வேலை மாதத்துக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் என்ற கணக்கில்தான் நடக்கும். அதனாலேயே முழுச் சிகிச்சைக்குப் பொதுவாக 18 முதல் 24 மாதங்கள் வரை செல்கின்றன. அவசரப்பட்டு இறுக்கினால் பல் வேகமாக வராது. வேரின் நுனி கரைந்து குட்டையாகும் ஆபத்துத்தான் கூடும்.

நண்பர் கூறியது பற்றி: நெருங்கிய பற்களுக்கிடையே தூரிகையின் நார் புகாததால் அழுக்குத் தேங்குகிறது; பற்கள் வரிசைக்கு வந்தால் துலக்குவது இலகுவாகும். இவ்வளவுதான் உறுதியாகச் சொல்லக்கூடியது. நேரான பல்லிலும் சூத்தை வரும், வளைந்த பல்லையும் சுத்தமாக வைத்திருக்க முடியும். சூத்தையைத் தீர்மானிப்பது இனிப்பும் தூரிகையும் புளோரைட்டும்தான்.

உங்களுக்கு முதலில் தேவைப்படுவது கம்பி அன்று. இரத்தம் வடிகின்ற முரசில் கம்பி போடுவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். அழற்சி இருக்கும்போது பல்லை நகர்த்தினால் பல்லைத் தாங்கும் எலும்பே அழியக்கூடும். பல்லில் படிந்து இறுகிய அழுக்கான பற்காறையை அகற்றி, இரத்தம் வருவது முற்றாக நின்ற பிறகு பற்சீரமைப்பு நிபுணரைச் சந்தியுங்கள். நெருக்கம் எவ்வளவு கடுமையானது என்பதைப் பொறுத்து, கம்பியே வேண்டாம் என்று அவர் சொல்லவும் இடமுண்டு.

கேள்வி: மகனுக்குக் கம்பி போடுவதற்காக நல்ல பற்கள் நான்கைப் பிடுங்க வேண்டுமாம். கன்னம் ஒட்டிப்போய் முகம் கிழடு தட்டிவிடாதா?
– ஒரு தந்தை, மூதூர்

பதில்: பிடுங்குவது வழமையாகக் கோரைப்பல்லுக்கு அடுத்துள்ள முன்கடைவாய்ப்பல்லையே. அது ஏறத்தாழ 7 மில்லிமீற்றர் அகலமானது. தாடை வளைவில் இல்லாத இடத்தைப் பற்களுக்கு எங்கிருந்தாவது கொடுத்தாகவேண்டும்: பல்லை அகற்றலாம், வளைவைச் சற்று விரிக்கலாம், பற்களின் ஓரத்தை மெல்லத் தேய்க்கலாம். நெருக்கம் குறைவென்றால் பின்னைய இரண்டும் போதும். கன்னத்தின் வடிவம் தசையாலும் கொழுப்பாலும் கன்ன எலும்பாலும் அமைவது. முன்கடைவாய்ப்பல்லை எடுத்ததற்காக அது ஒட்டிப்போகாது. உதடு சற்று உள்வாங்குவது உண்மை. முன்பல் போகும் தூரம் முழுவதையும் உதடு பின்பற்றுவதில்லை. உதடு ஏற்கெனவே தட்டையான பிள்ளைக்கு அது விரும்பத்தக்கதன்று, ஆகவே நிபுணரிடம், "என் மகனுக்கு எத்தனை மில்லிமீற்றர் இடம் குறைகிறது, பிடுங்காவிட்டால் என்ன நடக்கும்?" என்று கேளுங்கள். எக்ஸ்ரே படத்தையும் பல்லின் அச்சையும் முன்னால் வைத்து அவர் விளக்கவேண்டும். விளக்காவிட்டால் இன்னொருவரிடம் கருத்துக் கேட்பதில் தவறில்லை.

கேள்வி: கம்பி போட்டு நான்கு மாதங்கள். கம்பியைப் பிடித்து வைக்கப் பல்லில் ஒட்டிய சிறு துண்டு (பிரக்கெட்) இரண்டு தடவை கழன்றுவிட்டது. எதைச் சாப்பிடக் கூடாது? கம்பி கழற்றிய பின் பல் பழைய இடத்துக்குத் திரும்புமா?
– மாணவி, நிலாவெளி

பதில்: புழுக்கொடியலும் எள்ளுருண்டையும் கம்பி உள்ளவரை வேண்டாம். கொய்யாவையும் மாங்காயையும் முன்பல்லால் கடிக்காமல் சிறு துண்டுகளாக வெட்டிச் சாப்பிடுங்கள். பேனை மூடியையும் நகத்தையும் கடிக்கும் பழக்கம் இருந்தால், பிரக்கெட் கழன்றதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். கச்சான் கெட்டியானது மட்டுமல்ல. அதன் துகள் கம்பியின் அடியில் போய் ஒளிந்துகொள்ளும். ஒவ்வொரு சாப்பாட்டின் பின்னும் தூரிகையை முரசோரமாக 45 பாகை சாய்த்து, பிரக்கெட்டின் மேற்புறத்தை ஒரு தடவையும் கீழ்ப்புறத்தை ஒரு தடவையும் துலக்குங்கள். கம்பியின் அடியில் நுழையும் சிறு தூரிகையும் கடைகளில் கிடைக்கிறது. அலட்சியமாக இருந்தால், கம்பியைக் கழற்றும் நாளில் ஒவ்வொரு பல்லிலும் பிரக்கெட் இருந்த இடத்தைச் சுற்றி வெண்சுண்ணாம்புத் தழும்பு மிஞ்சும். இரண்டு வருடம் காத்திருந்து பெற்ற சிரிப்பில் அந்தத் தழும்பைப் பார்க்கும் பிள்ளையின் முகம் எனக்கு இன்னும் பழகவில்லை.

பல் திரும்பும், சந்தேகமே இல்லை. அதைத் தடுக்கவே, பற்களை அதே இடத்தில் பிடித்து வைக்கும், கழற்றி மாட்டக்கூடிய ரிட்டெய்னர் என்ற கருவியைத் தருகிறோம். தொடக்கத்தில் உங்கள் நிபுணர் சொல்லும் நேரமெல்லாம் அணிந்து, பின்னர் இரவில் மட்டும் அணியவேண்டும். எத்தனை வருடத்துக்கு என்று கேட்டால், பல் நேராக இருக்கவேண்டும் என்று நினைக்கும் காலம் வரை என்பதே என் பதில். கொதிநீரில் கழுவினால் அது நெளிந்து வாய்க்குப் பொருந்தாமல் போகும். சாப்பிடும்போது கழற்றிக் காகிதத்தில் சுற்றி வைத்தால், மேசை துடைப்பவர் குப்பையோடு சேர்த்து எடுத்துச் சென்றுவிடுவார். நீங்கள் நிலாவெளிக்காரி என்பதால் இன்னொன்று: கடலில் இறங்குமுன் கழற்றிப் பெட்டியில் போட்டு, கரையில் இருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். அலை வாயில் அடித்த கணத்தில் ரிட்டெய்னரைத் தொலைத்துவிட்டு, மறுநாள் ஈரத்தலையோடு என் முன் வந்து நின்ற பையன் ஒருவனுக்கு நான் மறுபடியும் அச்செடுக்க வேண்டியிருந்தது.