மகன் பெயரில் டெபாசிட் போடலாமா?

கேள்வி: திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் 1996 முதல் வேலை பார்க்கிறேன். ஆட்டிசம் உள்ள என் மகனுக்கு வரும் ஆவணியில் 18 வயது முடிகிறது. சிறப்புப் பள்ளியும் அதோடு சரி. தெருமுனைக் கடையில் பால் வாங்கி வந்து, மீதிச் சில்லறையை மேஜையில் வரிசையாக அடுக்கிக் காட்டுவான். அதற்கு மேல் கணக்கு வராது. கையில் உள்ள 15 லட்சத்தை அவன் பெயரில் டெபாசிட் போட்டு, வீட்டையும் எழுதிவைக்கச் சொல்கிறார்கள் உறவுக்காரர்கள். செய்யலாமா?

பதில்: இப்போது வேண்டாம் ஐயா. 18 முடிந்தால் உங்கள் மகன் மேஜர். அந்த டெபாசிட்டில் அப்பா கையெழுத்து செல்லாது. மகன் கையெழுத்தை ஏற்க வங்கி தயங்கும். பணம் இருந்தும் எடுக்க முடியாமல் தவிப்பீர்கள்.

முதலில் காப்பாளர் (கார்டியன்) நியமனத்தைப் பாருங்கள். 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்கலாம். காப்பாளர் தேவையா, எந்தெந்தக் காரியத்துக்குத் தேவை என்று குழு பார்க்கும். பணம், சொத்துக்கு மட்டும் கேட்டால் போதுமா என்று வீட்டில் பேசுங்கள். மகனையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசுங்கள்.

அடுத்தது பென்ஷன். உங்களிடம் இருப்பதிலேயே பெரிய சொத்து இதுதான். 2004க்கு முன் வேலையில் சேர்ந்தவர் என்பதால் உங்களுக்குப் பழைய பென்ஷன் திட்டம்தான். உங்களுக்கும் மனைவிக்கும் பிறகு, சம்பாதிக்க இயலாத மகனுக்கு 25 வயதைத் தாண்டியும் ஆயுள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. ஆனால் அவருடைய மற்ற வருமானம், உங்கள் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதமும் அதற்கான அகவிலை நிவாரணமும் சேர்ந்த தொகைக்குக் கீழே இருக்க வேண்டும். வட்டியும் வாடகையும் அவர் பெயரில் சேர்ந்துகொண்டே போனால் இங்கேதான் இடிக்கும். மருத்துவச் சான்றிதழ் கொடுத்து, பணியில் இருக்கும்போதே அவர் பெயரைப் பதிவு செய்துவிடுங்கள். பெற்றோர் போன பிறகு அண்ணனோ தங்கையோ இதற்காக அலைவது பெரும்பாடு.

வீடும் 15 லட்சமும் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். உங்கள் இருவர் காலத்துக்குப் பிறகு அவை ஒரு தனியார் டிரஸ்டுக்குப் போகும்படி உயில் எழுதுங்கள், பயனாளி மகன். டிரஸ்டை நடத்தும் டிரஸ்டிகளில் ஒருவராவது உங்களைவிட 20 வயது இளையவராக இருந்தால் நல்லது. டிரஸ்ட் பத்திரத்தை மட்டும் வக்கீலிடம் காட்டி எழுதுங்கள்.

அப்புறம், அவருக்கென்று ஒரு சின்ன சேமிப்புக் கணக்கு தொடங்குங்கள். மாதம் 500 ரூபாய் போதும். பால் காசு அதிலிருந்து போகட்டும். அடுத்த வாரம் பாலோடு ஒரு தயிர் பாக்கெட்டும் சேர்த்து வாங்கிவரச் சொல்லிப் பாருங்கள்.