புதிய டபுள் கெப் மலைநாட்டு ரோட்டுக்குச் சரிவருமா? கேள்வி பதில்

ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களில் லேண்ட்ரோவர், லொறி, கெப் என்று இருபத்திரண்டு வருடமாக ஓட்டியும் திருத்தியும் வருகிறேன். நாலு கதவும் பின்னால் திறந்த பெட்டியும் உள்ள டபுள் கெப்களில் புதிய மிட்சுபிஷி ட்ரைடன், ஃபோர்ட் ரேஞ்சர், டொயோட்டா ஹைலக்ஸ் மூன்றையும் நம் பக்கத்து ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன் என்று சொன்னதிலிருந்து கேள்விகள் வந்தபடியே இருக்கின்றன. 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. ஐந்து வருடம் அடக்கி வைத்த ஆசை எல்லோருக்கும் இருக்கிறது. வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

தலவாக்கலையிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, புது ட்ரைடனைப் பார்த்ததும் மனசு அங்கேயே போய்விட்டது. உண்மையிலேயே அதில் அப்படி என்ன இருக்கிறது?

நம் ஆட்கள் எல்-200 என்று சொல்லிப் பழகிய வண்டியின் ஆறாவது தலைமுறை இது. 2023 ஜூலையில் பாங்கொக்கில் அறிமுகப்படுத்தினார்கள். சேசிஸ் புதிது. எஞ்சின் 2.4 லீற்றர் டீசல்தான், ஆனால் உயர் ரகத்தில் இரட்டை டர்போ. 470 நியூட்டன் மீற்றர் இழுவை. மண், சேறு, பாறை என்று ஏழு ஓட்ட முறைகள்.

எனக்குப் பிடித்துப்போனது இவை எதுவும் இல்லை, தம்பி. கியருக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்ன வட்டச் சுவிட்ச். சாதாரண ஃபோர் வீல் கெப்பில் 4எச், அதாவது வழக்கமான வேகத்துக்கான நாலு சக்கர ஓட்டம், போட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் பூட்டிக்கொள்ளும். சேற்றில் அது நல்லது. தார் ரோட்டில் வளைவு எடுக்கும்போது முன் சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டும். ஓட முடியாமல் கியர்பெட்டி முறுக்கிக்கொள்ளும், ஸ்டீயரிங் இறுகும். அதனால்தான் தாரில் 4எச் போடாதே என்று பழைய டிரைவர்மார் சொல்வார்கள். ட்ரைடனின் சூப்பர் செலக்ட் அமைப்பில் நடுவிலும் ஒரு டிஃபரன்ஷல் இருக்கிறது; முன் அச்சும் பின் அச்சும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடுகிற பல்சக்கரத் தொகுதி அது. ஆகவே தாரிலும் 4எச் போட்டு ஓடலாம்.

நுவரெலியாவிலிருந்து ரம்பொடைக்கு இறங்கும் ரோட்டைப் பின்னேரம் நாலு மணிக்கு நினைத்துப் பாருங்கள். பனிமூட்டம், நனைந்த தார், வளைவுக்குப் பின் வளைவு. பின்பெட்டி வெறுமையாக இருந்தால் கெப்பின் பின்சக்கரத்தில் பாரமே இருக்காது. கொஞ்சம் அவசரப்பட்டால் வால் வெளியே வீசும். அந்த இடத்தில் நாலு சக்கரமும் சேர்ந்து இழுப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அங்கே ஒருமுறை வால் வீசியவருக்குத் தெரியும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: எல்லா ட்ரைடனிலும் சூப்பர் செலக்ட் வராது. கீழ் ரகங்களில் பழைய மாதிரி அமைப்புத்தான். காசு கட்டும் முன் அந்தச் சுவிட்சில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

லிந்துலையிலிருந்து மரக்கறிச் செய்கை செய்யும் ஒருவர்: கரட் தோட்டம் மேலே, மெயின் ரோடு கீழே. பாதை செங்குத்து. ஒரு தடவைக்குப் பதினைந்து மூட்டை ஏற்றுவேன். 2.4 எஞ்சின் இழுக்குமா, 2.8 வேண்டுமா?

ஐயா, தோட்டம் மேலே என்கிறீர்கள். அப்படியென்றால் ஏறுவது வெறும் வண்டி. பாரத்தோடு நீங்கள் இறங்கத்தான் போகிறீர்கள். மலைநாட்டில் கெப் வாங்குகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் என்னிடம் ஏற்றத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஏற்றத்தில் சக்தி போதாவிட்டால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். இறக்கத்தில் போதாவிட்டால் நிற்காது.

முதலில் எஞ்சினைச் சொல்லி முடித்துவிடுகிறேன். நுவரெலியா 1868 மீற்றர் உயரம். காற்று மெலிவதால் டர்போ இல்லாத எஞ்சினுக்கு நூறு மீற்றருக்கு ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று வீதம் சக்தி குறையும். டர்போ அந்தக் குறையைப் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். ஆகவே 2.4 உங்களுக்குத் தாராளம்.

இனி இறக்கம். பல வருடத்துக்கு முன் ஒரு பழைய கெப்பில் உரமூட்டை ஏற்றிக்கொண்டு, கல் பாவிய தோட்டத்து ரோட்டில் இறங்கினேன். இரண்டாம் கியர், பின்சக்கர ஓட்டம், கால் முழுக்க பிரேக்கில். மூன்றாவது வளைவில் கருகிய வாசனை வந்தது. நாலாவது வளைவில் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. மலைப்பக்கத்துக் கானுக்குள், அதாவது ரோட்டோர வடிகாலுக்குள், சக்கரத்தை இறக்கி, மண்திட்டில் உரசித்தான் நிறுத்தினேன். இறங்கிப் பார்த்தால் முன் டிஸ்க் நீலம் பாய்ந்து கிடந்தது. வண்டியில் ஒரு குறையும் இல்லை. மெதுவாக இறங்குவதற்கான நாலு சக்கரக் கியரான 4எல் இருந்தது, நான் போடவில்லை. வேகமாகப் போகவேண்டும் என்ற நினைப்பு.

4எல் போட்டால் சக்கரம் சுமார் இரண்டரை மடங்கு மெதுவாகச் சுற்றும். வண்டியை முழுதாக நிறுத்தி, நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, 4எல் போட்டு, முதலாம் கியரில் விடுங்கள். பிரேக்கிலிருந்து காலை எடுங்கள். முதல் இரண்டு விநாடி பயமாக இருக்கும். பிறகு எஞ்சின் சத்தம் கொஞ்சம் உயர்ந்து, பின்னாலிருந்து யாரோ கயிறு கட்டிப் பிடித்திருப்பது போல வண்டி தானாக அடங்கும். டயருக்குக் கீழே ஒவ்வொரு கல்லாகப் புரள்வது கேட்கும். மனிதர் நடக்கிற வேகம். ஒட்டோ கியர் என்றால் டி-யில் விடாதீர்கள். மெனுவலுக்குத் தள்ளி 1-இல் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் அது தானாக மேல் கியருக்குப் போய்விடும்.

புது வண்டிகளில் ஹில் டிசென்ட் என்று ஒரு பட்டன் இருக்கும். நல்ல வசதி. ஆனால் அது பிரேக்கைத்தான் விட்டுவிட்டுப் பிடிக்கிறது, சூடு பிரேக்குக்குத்தான். ஐம்பது மீற்றர் சரிவுக்கு அதைப் போடுங்கள். உங்களுடையது போன்ற நீண்ட இறக்கத்துக்கு 4எல்லும் எஞ்சின் பிடியும்தான். இன்னொன்று: இந்த வண்டிகள் பலவற்றில் பின்னால் ட்ரம் பிரேக். சேறு உள்ளே போய்க் காய்ந்துவிடும். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறையாவது கழற்றித் துடைக்கச் சொல்லுங்கள்.

பொகவந்தலாவையிலிருந்து: டிஃப் லொக் அவசியமா?

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் போகும் ரோட்டில் ஒரு பின்சக்கரம் கானுக்குள் இறங்கி, மற்றது மேலே தூக்கிக்கொண்டு சும்மா சுற்றுமே, அப்போதுதான் அதன் அருமை தெரியும். லொக் போட்டால் இரண்டும் சேர்ந்து சுற்றும், வண்டி ஏறி வெளியே வரும். வந்தவுடன் எடுத்துவிடுங்கள். வழுக்கும் சரிவில் லொக்கோடு இறங்கினால் பின்பக்கம் பள்ளத்தைப் பார்த்துச் சறுக்கும். அவசியமா என்றால், தோட்டத்துக்குள் தினமும் ஓடுகிறவருக்கு ஆம். டவுனில் இருப்பவருக்கு அந்தக் காசுக்கு நல்ல டயர் வாங்குவது மேல்.

மஸ்கெலியாவிலிருந்து: ரேஞ்சர் பெரிதாகத் தெரிகிறது. எங்கள் டிவிஷன் ரோட்டில் வளைக்க முடியுமா?

ஒரே தடவையில் முடியாது. ஹைலக்ஸின் சக்கர இடைவெளி 3085 மில்லிமீற்றர், புது ட்ரைடன் 3130, ரேஞ்சர் 3270. பழைய ட்ரைடன் 3000 தான். அதன் திரும்பு ஆரம் 5.9 மீற்றராக இருந்தது, புதியதில் 6.2 ஆகிவிட்டது. எல்லாமே நீண்டுகொண்டு போகின்றன, நம் ரோடுகளோ வெள்ளைக்காரன் மாட்டு வண்டிக்கும் பிறகு சின்ன லொறிக்கும் வெட்டியவை. கொண்டை ஊசி வளைவில் முன் சக்கரம் போன பாதையில் பின் சக்கரம் வராது, உள்ளே வெட்டிக்கொண்டு வரும். அங்கேதான் கான் இருக்கிறது. பின்னால் எடுத்து, மறுபடி முன்னால் விட்டு வளைப்பது இங்கே அன்றாட வேலை. அதற்குச் சுற்றிவரப் பார்க்கும் கமரா இருக்கும் ரகத்தைக் கேளுங்கள். ஆடம்பரம் என்று நானும் நினைத்திருந்தேன். மழையில், பனியில், பள்ளத்துப் பக்கம் பின்னெடுக்கும்போது சக்கரத்துக்கும் விளிம்புக்கும் நடுவே எத்தனை அங்குலம் என்று திரையில் தெரிவது உயிர் காக்கிற விஷயம். லென்ஸைத் துடைக்க ஒரு துணி எப்போதும் கதவில் இருக்கட்டும்.

நுவரெலியாவிலிருந்து: ரேஞ்சர் ராப்டர் வாங்கினால் மரக்கறியும் ஏற்றலாம், ஓஃப் ரோடும் போகலாம்தானே?

ராப்டரின் பின்பக்கம் கொயில் ஸ்பிரிங், அதாவது சுருள் கம்பி. அது பாலைவனத்தில் பறப்பதற்குச் செய்த வண்டி. சாதாரண கெப் ஒரு டன்னை ஒட்டிப் பாரம் தாங்கும் என்றால் அது சுமார் 700 கிலோவோடு நின்றுவிடும், அதிலும் ஆட்களின் எடை சேர்த்தி. லீக்ஸும் கோவாவும் ஏற்றுகிறவருக்கு, பட்டைகளை அடுக்கிச் செய்த லீஃப் ஸ்பிரிங்தான். ஆசைக்கு வாங்குவதென்றால் வாங்குங்கள், அருமையான வண்டி.

பண்டாரவளையிலிருந்து ஒரு தங்கச்சி: அம்மாவுக்கு முதுகுவலி. மாதம் இரண்டு தடவை பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவேண்டும். கெப் சரிவருமா அண்ணா?

அதற்காக மட்டும் என்றால் வேண்டாம், தங்கச்சி. வெறும் பெட்டியோடு லீஃப் ஸ்பிரிங் வண்டி குலுக்கத்தான் செய்யும். ஏறுவதற்குப் படியும் உயரம். வேறு தேவைக்காகக் கெப் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், பெட்டியில் அச்சுக்கு மேலே எண்பது, நூறு கிலோ மணல் மூட்டையை நன்றாகக் கட்டிப் போடுங்கள். அப்புறம் டயர்க் காற்றை, கதவு ஓரத்து ஸ்டிக்கரில் வெறும் வண்டிக்குப் போட்டிருக்கும் அளவுக்குக் குறையுங்கள். பலர் பாரம் ஏற்றும்போது அடித்த காற்றோடே வருடம் முழுக்க ஓடிவிட்டு வண்டியைக் குறை சொல்கிறார்கள். அம்மாவை முன் சீட்டில் உட்கார வையுங்கள்.

ஹப்புத்தளையிலிருந்து: ஒட்டோ டீசல் அடிக்கலாமா? சுப்பர் டீசல் விலை தாங்கவில்லை.

வண்டியில் டி.பி.எஃப். என்ற புகை வடிகட்டி இருக்கிறதா என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இருந்தால் சுப்பர் டீசல்தான்; கந்தகம் கூடிய டீசல் அதற்கு விஷம். அந்த வடிகட்டி தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்ய நல்ல சூடு வேண்டும். தோட்டத்துக்குள் நாள் முழுக்க பத்து கிலோமீற்றர் வேகத்தில் ஓடினால் அந்தச் சூடு வராது. வாரம் ஒருமுறை மெயின் ரோட்டில் நிற்காமல் அரை மணி நேரம் ஓட்டுங்கள். டீசல் ஃபில்டரில் சேரும் தண்ணீரையும் வடித்து விடுங்கள். இன்ஜெக்டர் போனால் செலவு சின்னது இல்லை.

கொத்மலையிலிருந்து: மழைக்காலத்தில் ஓடையைக் கடக்க எது நல்லது?

ரேஞ்சருக்கு 800 மில்லிமீற்றர் ஆழம் என்று கம்பனி சொல்கிறது, ட்ரைடனுக்கு 500. அது நிற்கிற தண்ணீருக்கு. நம் ஓடைகள் நிற்பதில்லை. ஓடுகிற தண்ணீர் இரண்டு அடி இருந்தாலே பெரிய வண்டியையும் தள்ளிக்கொண்டு போகும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின்போது நாம் பார்த்ததுக்குப் பிறகு இதில் விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் உங்கள் பிரதேசத்துக்குச் சிவப்பு எச்சரிக்கை கொடுத்திருந்தால் எந்த வண்டியிலும் போகாதீர்கள். புதிதாகச் சரிந்த மண்ணின் மேலும் ஏறாதீர்கள். அதற்கு அடியே கிடையாது.

கண்டியிலிருந்து: மீமுரே பக்கம் காட்டுக்குள் இறக்கி ஓட்டலாமா?

ரோட்டிலேயே போங்கள். நக்கிள்ஸ் பாதுகாக்கப்பட்ட காடு, 2010 இலிருந்து உலக மரபுரிமைப் பட்டியலிலும் இருக்கிறது. ரோடே போதுமான ஓஃப் ரோடுதான்.

வெலிமடையிலிருந்து: பி.வை.டி. ஷார்க் மாதிரி மின்சாரக் கெப் நமக்குச் சரியா?

ஷார்க் 6 இல் 1.5 லீற்றர் பெற்றோல் எஞ்சினோடு முன்னும் பின்னும் மோட்டார். ஏற்றத்தில் பறக்கும். ஆனால் லோ ரேஞ்ச், அதாவது 4எல், கிடையாது. இறக்கத்தில் மோட்டார் பிடித்து பெட்டரியை நிரப்பும், அது நல்ல விஷயம். மேலே வீட்டில் இரவு முழுக்க சார்ஜ் போட்டு, காலையில் நிறைந்த பெட்டரியோடு இறங்கினால் அந்த மின்சாரம் போக இடமில்லை, பிடி குறைந்துவிடும். மலையில் வீடு இருப்பவர் எண்பது வீதத்தோடு சார்ஜை நிறுத்த வேண்டும். டவுன் ஓட்டத்துக்கு எனக்கு மறுப்பில்லை. செங்குத்துக் கல் ரோட்டுக்கு இப்போதைக்கு டீசலைத்தான் சொல்வேன்.

அக்கரப்பத்தனையிலிருந்து: அப்பாவின் பழைய லேண்ட்ரோவரை விற்றுத்தான் புதிது எடுக்க வேண்டும். விற்கலாமா?

சேசிஸ் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தால் விற்றுவிடுங்கள். நன்றாக இருந்தால், லீசிங் கொஞ்சம் கூடினாலும் வைத்துக்கொள்ளுங்கள். புது வண்டியில் சென்சர் ஒன்று பிழைத்தால் கொம்பியூட்டர் வரும்வரை நிற்கவேண்டும். அப்பாவின் லேண்ட்ரோவரை ஒரு சாவியோடு நடுரோட்டில் திருத்தலாம்.

லிந்துலை ஐயா மறுபடியும்: நீங்கள் சொன்னபடி என் பழைய கெப்பிலேயே, மூட்டை ஏற்றாமல், 4எல் போட்டு இன்று காலை இறங்கிப் பார்த்தேன். கீழே வரும்வரை பிரேக்கைத் தொடவில்லை!

சந்தோஷம் ஐயா. அது வெறும் வண்டி. நாளைக்கு ஐந்து மூட்டை ஏற்றி இறங்குங்கள், அப்புறம் பத்து, அப்புறம் பதினைந்து. ஒவ்வொரு தடவையும் கீழே வந்ததும் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் உள்ளங்கையைக் கொண்டுபோய்ச் சூடு பாருங்கள். தொடவேண்டாம். சூடு கூடவில்லை என்றால் புது வண்டிக்கு அவசரமே இல்லை, அடுத்த போகம் பார்த்து வாங்கலாம்.